காப்பகத்தில் சேர்க்கும் முன் லைசென்ஸைக் கேளுங்கள்

அம்மாவும் அப்பாவும் நடமாடுகிற வரை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம். அவர்களுக்கு முடியாமல் போகும்போதுதான், அறிவுசார் குறைபாடு உள்ள அண்ணனையோ தங்கையையோ எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கவலை புதிதில்லை. கோயிலில் யாரோ சொன்ன இடம், மாமாவுக்குப் பழக்கமான இடம் என்று அவசரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நல்ல மனிதர்களே நடத்தட்டும், முதலில் லைசென்ஸைக் கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு அடிப்படை 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். பெயரில் மனநலம் என்று இருந்தாலும், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இதற்குள் வருகிறார்கள். சட்டத்தின் பொது விதிகளில் 43ஆவது விதியைத்தான் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரசு நேரடியாக நடத்தாத ஓர் இல்லம், ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்துப் பராமரித்தால், மாகாணச் சுகாதாரத் துறையிடம் லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். துறை அதிகாரிகள் வருடத்துக்கு ஒரு முறையாவது வந்து தணிக்கை செய்ய வேண்டும். பகல் நேரக் காப்பகத்துக்கும் இதே விதிதான்.

லைசென்ஸ் கையில் கிடைத்தால் நிதானமாகப் படியுங்கள். எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம், தங்கும் இல்லமா பகலுக்கு மட்டுமா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒருவர் வாங்கியதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. அப்புறம் கட்டில்களை எண்ணிப் பாருங்கள். இருபது பேருக்கு அனுமதி வாங்கிய வீட்டில் முப்பது கட்டில் இருந்தால் அங்கே சேர்க்காதீர்கள். தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்த சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள். அது வேறு, இது வேறு. அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களைத் தங்கவைக்க முடியாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் லைஃப் எசிடிமெனி. அரசு ஒப்பந்தத்தின்பேரில் மனநல நோயாளிகளை வைத்துப் பராமரித்துவந்த தனியார் நிறுவனம் அது. 2015 அக்டோபரில் கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறை, செலவைக் குறைக்கிறோம் என்று அந்த நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடிப்பதாக அறிவித்தது. அங்கே இருந்த 1,300க்கும் மேற்பட்டோரை அவசர அவசரமாக வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உண்டு. தங்கள் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறான் என்றே பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. பசியாலும் கவனிப்பில்லாமலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 2017 பிப்ரவரியில் சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மலேகபுரு மக்கோபா அறிக்கை கொடுத்தார்: ஆட்களை வாங்கிக்கொண்ட 27 தொண்டு நிறுவனங்களில் ஒன்றிடம்கூடச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை. கடைசிக் கணக்கில் இறந்தவர்கள் 144 பேர். குடும்பங்களுக்கும் அரசுக்கும் இடையே நடுவராக இருந்த முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனேக்கே, 2018 மார்ச்சில், அரசியலமைப்பு உரிமை மீறலுக்காக மட்டும் தலா 10 லட்சம் ரேண்ட் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். பணம் வந்தது, ஆட்கள் வரவில்லை. லைசென்ஸ் என்பதை வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, லைசென்ஸ் சரியாக இருந்து சேர்த்தும் விட்டீர்கள். அதிகாரி வருடத்துக்கு ஒரு முறை வருவார், மற்ற நாட்களில் பார்ப்பதற்கு நாம்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா இல்லமும் சுத்தமாகத்தான் இருக்கும். வார நாளில் சாயங்காலம், சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். தட்டில் என்ன இருக்கிறது, ஊட்டிவிட ஆள் இருக்கிறதா என்று கவனியுங்கள். சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தால் போன மாத எடைக் குறிப்பைக் கேளுங்கள். வாய் பேசாதவரின் உடம்பை நாம்தான் படிக்க வேண்டும். போகும்போதெல்லாம் அரைத்தூக்கத்திலேயே இருந்தால், என்ன மாத்திரை, யார் எழுதிக்கொடுத்தது, எதற்கு என்று விசாரியுங்கள். தண்டனையாகவோ மற்றவர்களின் வசதிக்காகவோ சிகிச்சை கொடுக்கக் கூடாது என்று சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது.

பண விஷயத்தில் ஒன்று. ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்குபவர் அரசோடு ஒப்பந்தம் உள்ள இல்லத்தில் சேர்ந்தால், நான்காவது மாதத்திலிருந்து அந்தத் தொகை 25 சதவீதமாகக் குறையும். வெளியே வந்ததும் பழையபடி முழுதாகக் கிடைக்கும்.

அடி, பட்டினி, அவமதிப்பு என எதைக் கண்டாலும் புகார் செய்வது கடமை என்று அதே 11ஆம் பிரிவு சொல்கிறது. உறவினர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, கண்ணால் கண்ட எவரும் கொடுக்கலாம். இதற்கான படிவம் எம்.எச்.சி.ஏ. 02. அது மாகாண மனநல மறுஆய்வுக் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவில் மனநலப் பணியாளர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், பொதுமக்களில் ஒருவர் கட்டாயம் இருப்பார்கள். போலீஸிலும் புகார் கொடுக்கலாம். 'நம்ம பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ' என்று பயந்து பல பெற்றோர் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானது, அதனால் தனியாகப் போகாதீர்கள். அதே இல்லத்தில் பிள்ளையை விட்டிருக்கும் இன்னும் இரண்டு குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு எழுதிக் கொடுங்கள். கொடுத்த தேதியோடு ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.