பாதி நாள் பள்ளி என்றாலும் பிள்ளையின் சோறு முழுசு: கேரள எல்லைத் தமிழ்ப் பெற்றோருக்கு

பெருந்தொற்றுக் காலத்தில் கேரளப் பள்ளிகள் திறந்த கதை ஒரே நாளில் முடிந்ததல்ல. 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் ஏழு வரையும், பத்தும் பன்னிரண்டும் திறந்தன. மற்ற வகுப்புகள் அதே மாதம் பின்தொடர்ந்தன. 2022 ஜனவரி 21 முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மறுபடி மூடல். பிப்ரவரி 14 அன்று அரை நாளாகத் திறப்பு, 21 முதல் முழு நாள். மூணாறு, பீர்மேடு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு லயங்களிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் உள்ள பெற்றோர் ஓர் உத்தரவைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இன்னொரு தொற்று வந்தாலும் இப்படித்தான் நடக்கும். உத்தரவுகள் மாறும். ஆனால் பிள்ளைக்குச் சட்டம் கொடுத்த உரிமைகள் அவற்றோடு சேர்ந்து மாறுவதில்லை. பலருக்குத் தெரியாதது இதுதான்.

முதலில் சோறு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013இன்படி, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் எல்லாப் பிள்ளைக்கும், பள்ளி விடுமுறை நாள் தவிர மற்ற நாளெல்லாம் மதிய உணவு இலவசம். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இது பொருந்தாது. சமைத்துப் போட முடியவில்லை என்றால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள் சொல்கின்றன. அரிசியும் தர வேண்டும், சமையல் செலவுக்கான பணமும் தர வேண்டும், அதுவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் உச்ச நீதிமன்றம் தானாகவே இந்த விஷயத்தைக் கையிலெடுத்தது. உணவோ படியோ பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மத்திய அரசும் மாநிலங்களுக்கு எழுதியது. கேரளத்தில் அரிசியும் மளிகையும் கொண்ட கிட்டாகக் கொடுத்தார்கள்.

எவ்வளவு வர வேண்டும்? கணக்கு எளிது. ஒன்று முதல் ஐந்து வரை, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி. ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். சமையல் செலவு 2020–21இல் முறையே 4 ரூபாய் 97 காசு, 7 ரூபாய் 45 காசு. மாதத்துக்கு 20 பள்ளி நாள் என்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 2 கிலோ அரிசியும் 99 ரூபாய் 40 காசும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 3 கிலோவும் 149 ரூபாயும். கேரளத்தில் ஐந்தாம் வகுப்பு யு.பி. (மேல்தொடக்கப்) பள்ளியில் இருந்தாலும், உணவுத் திட்டத்தின் கணக்கில் அது 100 கிராம் வகுப்புதான். எட்டாம் வகுப்பு ஹைஸ்கூலில் இருப்பதால் சோறு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வகுப்பைப் பிரித்து இந்தக் கூட்டத்துக்கு மூன்று நாள், அந்தக் கூட்டத்துக்கு மூன்று நாள் என்று வரச் சொல்லும்போது வீட்டிலிருக்கும் பிள்ளையின் சோறு என்ன ஆகும்? சட்டம் விலக்குவது பள்ளி விடுமுறை நாளை மட்டுமே. பள்ளி நடக்கிறது, இந்தப் பிள்ளையை வர வேண்டாம் என்றது உத்தரவுதான். அதனால் அந்த நாளுக்குரிய படியும் கேட்கத்தக்கது என்றே நான் படிக்கிறேன். கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து கொடுக்கப்போவதில்லை.

அடுத்தது பாதுகாப்பு. 2021இல் பள்ளி திறந்தபோது கேரள அரசு தந்த வழிகாட்டுதலில் பெற்றோர் சம்மதம் கட்டாயம், பிள்ளை வருவது கட்டாயமில்லை. அதாவது சம்மதக் கடிதம் வெறும் சடங்கு அல்ல. கையெழுத்துப் போடும் முன், வகுப்பில் எத்தனை பேர், ஒரு பெஞ்சில் எத்தனை பேர், ஜன்னல் திறந்திருக்குமா, காய்ச்சல் வந்தால் பிள்ளையை எங்கே தனியாக உட்கார வைப்பார்கள் என்று கேளுங்கள். மலைப் பள்ளிகளில் ஜன்னல்தான் பெரிய பிரச்சினை. பனி உள்ளே வருகிறது என்று காலையிலேயே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். காற்றில் பரவும் நோய்க்கு மூடிய அறையைவிட வசதியான இடம் கிடையாது. ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்கள், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அந்த ஆண்டு அரசு ஹோமியோ மாத்திரையும் வழங்கியது. வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் அது தொற்றைத் தடுக்கும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை.

தாளெல்லாம் மலையாளத்தில் வருகிறதே என்பவர்களுக்கு: கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள தமிழர் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதத் தயங்காதீர்கள்.

வேலை நின்று போடிக்கோ கம்பத்துக்கோ போய்த் திரும்பிய குடும்பங்களுக்கு டி.சி. எனும் மாற்றுச் சான்றிதழ்தான் தலைவலி. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி உரிமைச் சட்டம், 2009 துணைக்கு இருக்கிறது. அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது. இடையில் படிப்பு நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும்.

எங்கே கேட்பது? முதலில் தலைமை ஆசிரியரிடம், எழுத்தில். பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் வாயால் சொன்னது கணக்கில் வராது. அங்கே நடக்காவிட்டால் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகம். கல்வி உரிமை பற்றிய புகாரைப் பஞ்சாயத்திலும் கொடுக்கலாம். உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. சோறு, படி பற்றிய புகாருக்கு மாவட்டக் குறைதீர் அதிகாரியும் மாநில உணவு ஆணையமும் தனியாக இருக்கின்றன. எங்கே கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்ட பிறகு வெளியே வாருங்கள்.