வெறுங்காலோடு பனியில் ஓடும் நாய்க்குக் கால் ஏன் விறைப்பதில்லை?

"ஏப்ரல் பிறந்தும் இங்கே பனி விட்டபாடில்லை. கதவைத் திறந்தால் போதும், எங்கள் ஹஸ்கி இரண்டும் பாய்ந்து ஓடுகின்றன. எனக்கு இரண்டு காலுறை போட்டும் விரல் மரத்துப்போகிறது. அதுகளுக்கு ஒன்றும் ஆவதில்லையே, எப்படி?" என்று டொரண்டோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். கூடவே இன்னொன்றையும் எழுதியிருந்தார். ஜனவரியின் கடுங்குளிரில் தொல்லை இல்லாமல் ஓடிய அதே நாய்கள், ஏப்ரல் பனியில் மட்டும் அடிக்கடி நின்று பாதத்தைக் கடித்துக்கொள்கின்றனவாம். குளிர் குறையக் குறையத் தொல்லை கூடுகிறது. இந்த இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

ஹஸ்கியின் உடம்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெளியே நீளமான முடி, உள்ளே அடர்ந்த மென்மயிர் என்று இரண்டு அடுக்கு. நடுவில் சிக்கிய காற்று வெப்பத்தை வெளியே விடாது. ஓடும்போது தசைகளும் சூட்டைக் கிளப்பும். சரி, ஆனால் பாதத்தின் அடியில் இருக்கும் மெத்தைகளில் முடியே கிடையாது. வெறும் தோல் நேராகப் பனியைத் தொடுகிறது.

அங்கே உடம்புக்கு ஒரு தர்மசங்கடம். நாயின் உள்வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டோடு ரத்தத்தைப் பாதத்துக்கு அனுப்பினால், வெப்பமெல்லாம் பனிக்குப் போய்விடும். குளிர்ந்துபோன ரத்தம் திரும்பி வந்து உடம்பின் நடுப்பகுதியையும் குளிர வைக்கும். அனுப்பாமல் நிறுத்தினாலோ திசு உறைந்து செத்துவிடும். நமக்குக் குளிரில் விரல் மரத்துப்போவது, உடம்பு அந்தப் பக்கம் ரத்தத்தைக் குறைத்துவிடுவதால்தான்.

நாய் வேறு வழி வைத்திருக்கிறது. பாதத்துக்குச் சூடான ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிகளை ஒட்டியே, குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் ஓடுகின்றன. இரண்டும் உரசிக்கொண்டு, எதிரெதிர்த் திசையில். இறங்கும் ரத்தத்தின் சூடு, ஏறும் ரத்தத்துக்கு வழியிலேயே கைமாறிவிடுகிறது. எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்று இதற்குப் பெயர்.

இதில் என்னை மயக்குவது அந்த 'எதிர்' தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 டிகிரியில் ஒரு ஓட்டம், 2 டிகிரியில் இன்னொன்று, இரண்டும் ஒரே அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் ஓடவிட்டால் என்ன ஆகும்? சூடானது இறங்கும், குளிர்ந்தது ஏறும், 20 டிகிரியில் இரண்டும் சமமாகிவிடும். சமமான பிறகு, குழாயை எத்தனை மீட்டர் நீட்டினாலும் இம்மியளவு வெப்பம்கூட மாறாது. கிடைக்க வேண்டியதில் பாதிதான் கிடைத்தது.

இப்போது ஒன்றின் திசையை மட்டும் திருப்புங்கள். ஏறிவரும் ரத்தம் 20 டிகிரியை எட்டும் இடத்தில், அதன் பக்கத்தில் இறங்கும் ரத்தம் 22 டிகிரியில் இருக்கலாம். இன்னும் மேலே, 30 டிகிரியை எட்டியதற்குப் பக்கத்தில் 32 டிகிரி ரத்தம். எந்த இடத்தில் பார்த்தாலும் பக்கத்துக் குழாய் கொஞ்சம் அதிகச் சூடாகவே இருக்கும். அதனால் பரிமாற்றம் நடுவில் நிற்பதில்லை, முனையிலிருந்து முனை வரை நடந்துகொண்டே இருக்கிறது. குழாய் போதுமான நீளம் இருந்தால் ஏறும் ரத்தம் 38 டிகிரியை நெருங்கி உடம்புக்குள் போகும், இறங்கும் ரத்தம் 2 டிகிரியை நெருங்கிப் பாதத்தை அடையும். புதிதாக ஒரு பொருளும் சேர்க்கவில்லை. திசையை மாற்றியதுதான் வேலை! ஆவின் போன்ற பால் பண்ணைகளில், பதப்படுத்தி வெளியே வரும் சூடான பாலைக் கொண்டே உள்ளே போகும் குளிர்ந்த பாலைச் சூடேற்றி எரிபொருளை மிச்சப்படுத்துவதும் இதே கணக்கில்தான்.

பெங்குவின், ஆர்க்டிக் நரி போன்றவற்றில் இந்த ஏற்பாடு இருப்பது முன்பே தெரிந்த விஷயம். 1972-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆர்க்டிக் நரி, ஓநாய் ஆகியவற்றின் பாதங்களை மைனஸ் 35 டிகிரி குளிர்த் திரவத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாதத் திசு மைனஸ் 1 டிகிரிக்கு அருகே நிலையாக நின்றது. உப்புகள் கரைந்திருப்பதால் திசு 0 டிகிரியில் உறையாது. உறையும் புள்ளிக்கு மயிரிழை மேலே வைத்துக்கொள்வதுதான் ஆகக் குறைந்த செலவு. சுற்றுப்புறத்துக்கும் பாதத்துக்கும் வெப்ப வேறுபாடு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு குறைவாகத்தான் வெப்பம் வெளியேறும்.

வீட்டு நாய்க்கும் இது உண்டு என்று காட்டியவர்கள் ஜப்பானின் யமசாகி ககுவென் பல்கலைக்கழகத்தின் ஹிரோயோஷி நினோமியாவும் அவருடைய குழுவினரும். இறந்த நாய்களின் கால் ரத்தக்குழாய்களில் பிசினைச் செலுத்தி, அது இறுகியதும் சதையைக் கரைத்துவிட்டார்கள். குழாய்களின் அச்சு மட்டும் மிஞ்சியது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், தமனியைச் சுற்றிச் சிரைகள் பின்னிக் கிடந்தன. தோலுக்கு அருகே தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் சின்னக் குறுக்குவழிகளும் ஏராளம். பாதம் ரொம்பக் குளிர்ந்தால் அவற்றைத் திறந்து சூடான ரத்தத்தைத் தோலின் பக்கம் திருப்பலாம். 2011-இல் இது வெளியானது.

"நாய்க்கால் ஆராய்ச்சிக்கெல்லாம் பணமா?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஒரு நுண்ணோக்கி, கொஞ்சம் பிசின், அப்புறம் 'ஏன்' என்று கேட்கும் ஒரு மனிதர். இதற்குச் செலவாகும் பணத்தைக்கூடத் தர மறுத்தால், கல்லூரி ஆய்வகங்களில் என்னதான் நடக்க வேண்டும்? உடனடிப் பயன் என்ன என்று விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லும் வழக்கம் இப்படிப்பட்ட கேள்விகளை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

இனி வாசகியின் இரண்டாவது கேள்வி. மைனஸ் 15 டிகிரியில் பனி உலர்ந்த துகள்தான். குளிர்ந்த பாதத்தில் அது பெரிதாக உருகாது, ஒட்டாது, உதறினால் போய்விடும். ஏப்ரல் பனி அப்படியல்ல. அது ஏற்கெனவே 0 டிகிரியில், ஒவ்வொரு மணியைச் சுற்றியும் தண்ணீர்ப் படலத்தோடு கிடக்கிறது. அந்தத் தண்ணீரின் பரப்பு இழுவிசை பனிமணிகளை ஒன்றோடொன்றும், விரலிடுக்கு முடியோடும் ஒட்டவைக்கிறது. நாய் ஓட ஓட, மிதிபட்டு இறுகி உருண்டையாகிறது. பனி உருண்டை விரல்களை அகட்டித் தோலை இழுக்கும், அதனால்தான் கடித்துப் பிடுங்கப் பார்க்கிறது. ஈரமும் சேர்ந்துகொள்கிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 1 கிராம் பனி உருக 334 ஜூல் வேண்டும். அதே ஆற்றலில் 1 கிராம் தண்ணீரை 0-விலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். இதெல்லாம் நாயின் கணக்கிலிருந்துதான் போகிறது.

பகல் வெயிலில் உருகிய மேற்பரப்பு இரவில் மறுபடி உறைந்து ஓடாகிறது. துள்ளும் நாய் அதை உடைத்துக்கொண்டு இறங்கும்போது, விளிம்பு கணுக்காலைச் சிராய்க்கும். ஓட்டத்தின் மும்முரத்தில் அது நிற்கவே நிற்காது. பனியில் சிவப்பைப் பார்த்துத்தான் நமக்கே தெரியவரும். மார்ச்சில் அலாஸ்காவில் நடக்கும் இடிடராட் என்ற, நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில், ஒவ்வொரு நாய்க்கும் 8 துணிக்காலுறைகள் வைத்திருக்க வேண்டும் என்று விதியே உண்டு. 38 டிகிரியைக் காக்க அல்ல, இந்தப் பனி உருண்டைகளிடமிருந்தும் சிராய்ப்பிலிருந்தும் காக்கத்தான்.

காலுறை போட விடாத நாய் என்றால், விரலிடுக்கு முடியைப் பாதத்தோடு மட்டமாகக் கத்தரித்து, நாய்ப் பாதத்துக்கென்றே விற்கும் மெழுகைத் தடவுங்கள். ஒட்டிய உருண்டையைப் பிய்த்து இழுக்காமல், வெதுவெதுப்பான நீரில் கரையவிடுங்கள். பனி உருக நடைபாதையில் தூவிய உப்பும் அதோடு போய்விடும். உப்பு கலந்த பனிச்சேறு 0 டிகிரிக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும், வெடிப்புகளில் இறங்கி எரியும். நாய் அதை நக்கினால் வயிற்றையும் கெடுக்கும்.