பரணில் கிடந்த வீடியோ கேமைப் பிளக்கில் சொருகும் முன்

தருமபுரி நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் டிவி, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்து 22 வருடம் ஆகிறது. பிக்சர் டியூப் டிவி போய் எல்.இ.டி. வந்தபின் வேலை பாதியாகக் குறைந்தது. ஐந்தாறு வருடமாக வேறொரு வேலை கடையைத் தேடி வருகிறது. பழைய வீடியோ கேம். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடப் பையன்களாக இருந்தவர்கள் இப்போது ஓசூரிலும் பெங்களூரிலும் சம்பாதிக்கிறார்கள். லீவுக்கு ஊருக்கு வந்தால் பரணில் ஏறித் தேடுகிறார்கள். சிலர் பெங்களூரு சண்டே பஜாரில் பேரம் பேசி வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. வீட்டு அலமாரியில் பதினொரு மெஷின் இருக்கிறது, பதினொன்றும் ஓடும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் வரும் மெஷின்களில் பாதிக்கு மேல் பரணில் கிடந்து கெட்டவை இல்லை. "கரண்ட் வருதான்னு சும்மா போட்டுப் பார்த்தேன்" என்று சொல்கிறார்களே, அந்த ஒரு நிமிடத்தில் கெட்டவை.

போன மே மாதம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மஞ்சள் பைக்குள் துண்டில் சுற்றி, வெளிர் நிறத்தில் ஒரு டிவி கேம். "எங்கப்பா வாங்கிக் கொடுத்ததுங்கண்ணா. பொண்ணுக்குக் காட்டலாம்னு எடுத்தேன். லைட்டே எரியல, ஒரு மாதிரி வாடை மட்டும் வந்துச்சு" என்றார். அடி மூடியைக் கழற்றினேன். உள்ளே செம்மண் தூசி, ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டை. அதெல்லாம் ஒன்றும் செய்திருக்காது. பவர் வரும் இடத்தில் கரண்டைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்தான் தலை உப்பிப் பிளந்து, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. பக்கத்தில் இருந்த 7805 ஐசி ஷார்ட்.

"எந்த அடாப்டர் போட்டீங்க?"

"செட்டாப் பாக்ஸோடதுங்கண்ணா. பின் கரெக்டா உட்கார்ந்துச்சு."

பின் உட்கார்ந்தது என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பின்னின் அளவு ஒன்றாக இருக்கும், அதற்குள் வரும் கரண்ட் வேறாக இருக்கும். நிண்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் ஜப்பானில் 1983 ஜூலையில் வந்தது. அதற்குக் கொடுத்த அடாப்டரில் பின்னின் நடுத்துளை மைனஸ், வெளிச்சுற்று பிளஸ். நம் ஊரில் சாமுராய், மீடியா என்ற பெயர்களிலும் பெயரே இல்லாமலும் விற்ற மெஷின்களில் நான் பிரித்துப் பார்த்தவை பெரும்பாலும் அதே வழியில்தான் இருந்தன: 9 வோல்ட், நடுவில் மைனஸ். இன்று வீட்டில் கிடக்கிற ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி அடாப்டர்கள் அநேகமாக எல்லாமே 12 வோல்ட், நடுவில் பிளஸ். அதைச் சொருகினால் கரண்ட் தலைகீழாகப் போகும். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குப் பிளஸ் மைனஸ் மாறினால் உள்ளே சூடேறி ஆவி கட்டி வெடிக்கும். பென்னாகரத்துக்காரருக்கு வந்த வாடை அதுதான்.

பிளஸ் மைனஸ் சரியாகவே இருந்தாலும் 12 வோல்ட் கூடாது. 7805-இன் வேலை, வருகிற வோல்ட்டை 5-ஆகக் குறைத்துக் கொடுப்பது. குறைத்த மிச்சம் அத்தனையும் சூடாகப் போகும். மெஷின் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 9 வோல்ட் கொடுத்தால் 2 வாட் சூடு, 12 கொடுத்தால் 3.5 வாட். சூட்டை வெளியேற்றும் அந்தச் சின்னத் தகட்டு ஹீட்சிங்க் அதைத் தாங்காது. பத்து நிமிடம் விளையாடியதும் படம் நடுங்கிக் கேம் நின்றுபோகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அடாப்டரைத்தான்.

7805 போனால் பத்திருபது ரூபாய் வேலை. அதைத் தாண்டிப் போய்விட்டால் சிக்கல். இந்த மெஷின்களில் பலவற்றில் மெயின் ஐசி என்று தனியாகக் கால் வைத்த ஐசி கிடையாது. போர்டிலேயே சில்லை ஒட்டி, மேலே கறுப்புப் பிசினை உருண்டையாக ஊற்றியிருப்பார்கள். அது செத்தால் மாற்ற வழியில்லை. வேறொரு உடைந்த மெஷினின் போர்டைத் தேடி அலைய வேண்டும்.

பென்னாகரத்துக்காரரின் மெஷினில் பிசின் உருண்டை தப்பித்திருந்தது. 7805-ஐயும் கண்டென்சரையும் மாற்றி, 9 வோல்ட் கொடுத்து, அவுட்புட்டில் மல்டிமீட்டர் வைத்தேன். 4.98 காட்டியது. அவர் பெஞ்சு மேல் குனிந்து அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடாப்டரைச் சோதிக்க ரிப்பேர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கிற லேபிளில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் படமாக இருக்கும். புள்ளியிலிருந்து வரும் கோடு எந்தக் குறிக்குப் போகிறதோ, அதுதான் நடுத்துளை. மெஷினின் பின்பக்கத்திலும் அதே படம் இருந்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். லேபிள் அழிந்திருந்தால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை நடுத்துளையிலும் கறுப்பு முனையை வெளிச்சுற்றிலும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடுவில் மைனஸ். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். கனமான, டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய 9 வோல்ட் அடாப்டர், லோடு இல்லாமல் அளந்தால் 12, 13 கூடக் காட்டும். அது கெட்டுப்போய்விடவில்லை, லோடு கொடுத்ததும் இறங்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால் கவலை இன்னும் அதிகம். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது, அமெரிக்க அடாப்டர் 120-க்கு. நம் சுவரில் வருவது 230. சொந்தக்காரர் ஜப்பானிலிருந்து வாங்கி வந்த ஃபேமிகாமை அதன் சொந்த அடாப்டரோடு, ஒரு கன்வர்ட்டர் பிளக் மட்டும் மாட்டிச் சொருகி, அடாப்டர் உருகிப்போய் எடுத்துவந்தவர் இருக்கிறார். கன்வர்ட்டர் பிளக் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. நிண்டெண்டோ அமெரிக்காவில் விற்ற என்.இ.எஸ். மெஷின் இன்னும் வேறு ரகம். அதன் அடாப்டர் 9 வோல்ட் ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட், கொடுக்கும், மெஷினுக்குள் பிரிட்ஜ் டயோடு இருந்து அதை டிசி ஆக்கிக்கொள்ளும். அந்த அடாப்டரை ஃபேமிகாம் வகை மெஷினில் போட்டால் நேராக ஏ.சி. உள்ளே இறங்கும். சேகா மெகா டிரைவில் முதல் மாடலுக்கு நடுவில் மைனஸ், இரண்டாவது மாடலுக்கு நடுவில் பிளஸ். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனாலும் இப்படி. ஆகவே "என் ஃப்ரெண்டு மெஷினுக்கு இது ஓடுச்சு" என்பதை நம்பிச் சொருகாதீர்கள்.

சரி, பவர் முடிந்தது. கேசட்டுக்கு வருவோம். கேசட் ஓடவில்லை என்றால் எடுத்து வாயால் ஊதுவது நம் எல்லோருடைய பழக்கம், நானும் ஊதியவன்தான். ஊதியதால் வேலை செய்ததாக நினைத்தோம். உண்மையில் கழற்றி மறுபடி மாட்டியபோது தொடுமுனைகள் புதிதாக உரசிக்கொண்டன, அவ்வளவுதான். மூச்சில் இருக்கிற ஈரமும் எச்சிலும் அந்த முனைகளில் படிந்து நாளடைவில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மெடிக்கல் ஸ்பிரிட்டை விட, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. பஞ்சுக்குச்சியில் நனைத்துத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முனையின் மேலிருக்கிற பூச்சு போய்விடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த போர்டுகளும் வருகின்றன. தீப்பிடிக்கிற பொருளைக் கரண்ட் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

இனிச் சொல்லப்போவது மெஷினைப் பற்றி இல்லை, வீட்டுக் குழந்தைகளைப் பற்றி. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பழைய கேசட்டுகளுக்குள் ஒரு பட்டன் செல் இருக்கும், பெரும்பாலும் சி.ஆர். 2032, அதாவது 20 மில்லிமீட்டர் அகலம். பழைய செல்லை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் வேலை. எடுத்த செல்லை மேசை மேலேயே விட்டுவிடுகிறார்கள். ஐந்து ரூபாய்க் காசு மாதிரி பளபளவென்று இருப்பதைக் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். அந்த அகலத்துச் செல் குழந்தையின் உணவுக்குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும். அங்கே இருக்கிற ஈரத்தில் செல்லின் கரண்ட் ஓடி, காரப்பொருள் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை ஆழமாக அரித்துவிடும். ஆட்டத்தைச் சேமிக்கப் போதாத தீர்ந்த செல்லுக்கும் இதற்குப் போதுமான சக்தி மிச்சமிருக்கும். பட்டன் செல் காணாமல் போன பிறகு குழந்தைக்கு எச்சில் ஒழுகினால், சாப்பிட மறுத்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதால் காத்திருக்க வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு, நம் பக்கம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, உடனே ஓடுங்கள். செல்லின் பாக்கெட்டையோ அதே மாதிரி இன்னொரு செல்லையோ கையில் எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும். நான் பழைய செல்லை எடுத்த கையோடு இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, இறுக்கி மூடும் டப்பாவில் போட்டுவிடுவேன். செல்லின் மேலேயே சால்டரிங் அயர்னை வைத்துப் பற்றவைப்பதும் கூடாது, சூட்டில் வெடிக்கும். தகடு வைத்த செல் தனியாகவே விற்கிறது, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அந்தத் துப்பாக்கி. வாத்து சுடுகிற கேமுக்கான துப்பாக்கி எல்.இ.டி. டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் வாய்க்குள் இருக்கிற சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். பிக்சர் டியூபில் அது அந்தக் கணமே தெரியும், புது டிவியில் தாமதமாகத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவியைத் தேடிப் பரணிலிருந்து இறக்குகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் படம் வரவில்லை என்று பின்மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

என் பத்தொன்பதாவது வயதில், தொழில் பழகிய கடையில், டிவியை அணைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்ற தைரியத்தில் கை வைத்தேன். டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட தடித்த ஒயர் ஒன்று போகும். கலர் டியூபில் அதில் வருவது 20,000 வோல்ட்டுக்கு மேல். டியூபின் கண்ணாடியே ஒரு கண்டென்சர் மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஷாக் அடித்ததில் கை தானாக உதறி, டியூபின் கழுத்தில் இடித்தது. கழுத்து ஒடிந்து காற்று 'உஷ்' என்று உள்ளே போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வலது மணிக்கட்டில் நான்கு தையல். டியூப் உடம்போடு உடைந்திருந்தால் கண்ணாடி முகத்தில் தெறித்திருக்கும். டியூபை விட்டுவிட்டாலும் பவர் சப்ளையில் மட்டுமே 325 வோல்ட் நிற்கும். பழைய டிவியைத் திறப்பது பொழுதுபோக்குக்காரர்களின் வேலை இல்லை. டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள், நான்தான் என்றில்லை, உங்கள் ஊரிலேயே ஒருவர் இருப்பார். பிளேஸ்டேஷன் 2-இன் பெரிய மாடலுக்குள்ளும் 230 வோல்ட் நேராக வருகிறது, அதற்கும் இதே எச்சரிக்கை. நாங்கள் இந்த மாதிரி மெஷின்களைத் திறந்து பார்த்தபின் நேரடியாகக் கரண்ட் கொடுக்க மாட்டோம். சீரிஸ் லேம்ப் வழியாகத்தான், அதாவது இடையில் ஒரு பல்பை மாட்டித்தான் கொடுப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மெஷின் தப்பிக்கும்.

பற்றவைப்பதை வீட்டில் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளுங்கள். 25 வாட் அயர்ன் போதும். ஈயக்கம்பியில் நிஜமாகவே ஈயம் இருக்கிறது. மேலே வருகிற புகை ரெசின் புகை, இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. ஈயம் கையிலிருந்து வாய்க்குத்தான் போகும். அதனால் சமையலறை மேடையில் வேண்டாம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கைத் தொட வேண்டாம், கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற அறையில் வேண்டாம். கையில் வைத்து விளையாடும் பி.எஸ்.பி. மெஷினின் பேட்டரி உப்பியிருந்தால் குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். சிடி மெஷினில் லென்ஸ் பக்கத்தில் லேசரைக் கூட்டிக் குறைக்கிற சின்ன ப்ரீசெட்டைத் திருகினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு லேசர் அடியோடு போய்விடும். மூடியைத் திறந்து ஓட்டும்போது லென்ஸுக்கு நேராகக் கண் வைத்துப் பார்க்கவே கூடாது. சிடியைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் இமையும் தானாக மூடாது.

தீபாவளி லீவில் பென்னாகரத்துக்காரர் மறுபடி வந்தார், இந்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு. பாலக்கோட்டில் மாமா வீட்டில் கிடந்ததாம், கறுப்பு மெகா டிரைவ். கரண்ட் கொடுக்கவில்லை. அடாப்டரைத் தனியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டில் குழந்தைக் கையெழுத்து: "10 வோல்ட். நடுவுல மைனஸா பிளஸான்னு அங்கிள்கிட்ட கேக்கணும்." மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். முதல் மாடல். மைனஸ் என்று அந்தப் பிள்ளையிடமே பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னேன்.