இரண்டு நொடியில் ‘இது சன்மி’ என்று தெரிவது எப்படி?

தென் கொரியப் பாடகி சன்மி 2007இல் ‘வண்டர் கேர்ள்ஸ்’ குழுவில் மேடையேறியபோது அவருக்கு வயது 14. அந்தக் குழுவின் ‘நோபடி’ பாட்டு 2009இல் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 76ஆம் இடத்தைத் தொட்டது. ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டுதான். ஆனால் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு வரியாகப் பங்கிட்டுப் பாடும்போது, ஒரு குரல் காதில் பதிவதற்குள் அடுத்த குரல் வந்துவிடும். 2018இல் ‘சைரன்’ வந்தபோது கதையே வேறு. வரிகளை எழுதியவர் சன்மி, மெட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. முதல் வரி முடிவதற்குள் பாடுவது யார் என்று தெரிந்துவிடுகிறது. சோகமான மெட்டு, ஆடவைக்கும் தாளம், மூச்சுக்காற்று கலந்த தாழ்ந்த குரல்: இந்தக் கலவைக்குக் கொரியாவில் ‘சன்மி பாப்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலில் தொண்டையைப் பார்ப்போம். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு தடவையும் அவை இறுக்கமாக அறைந்து மூடினால் காற்றோட்டம் சட்டென்று வெட்டுப்படும். அந்த வெட்டில்தான் உயர்ந்த மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் மடங்குகள், பிறக்கின்றன. உச்சஸ்தாயியில் முழங்கும் பாடகர்களின் குரலில் உள்ள உலோகப் பளபளப்பு இதுதான். நாண்கள் முழுதாக ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டு அசைந்தால் அடிச்சுரம் மட்டும் பலமாக இருக்கும், மேற்சுரங்கள் வேகமாகத் தேய்ந்துவிடும். அவை இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காற்றின் சீற்றம் நிரப்பும். சன்மியின் சரணப் பகுதிகளில் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. அதையும் அவர் பேச்சுக் குரலின் உயரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார். யாரோ காதருகே பேசுவது போலத் தோன்றுவது அதனால்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். உள்ளங்கையை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே சுருதியில் ‘ஆ’ என்று முதலில் அழுத்தமாகவும் பிறகு பெருமூச்சு விடுவது போலவும் பாடுங்கள். இரண்டாவது முறை கையில் காற்று படும். அந்தக் காற்றுக்கு விலை உண்டு. சாதாரணமாகப் பாடும்போது நொடிக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் காற்று போகிறது என்றால், இப்படிப் பாடும்போது அது 300ஐத் தாண்டிவிடும். பாடுவதற்குப் பயன்படும் காற்று 2 லிட்டர் என்று கொண்டால், 13 நொடி இழுக்கக்கூடிய வரி 6, 7 நொடியில் முடிந்துபோகும். கூடவே நாண்கள் காய்ந்து, வரியின் கடைசியில் சுருதி இறங்கும். இந்தப் பாணியைப் பின்பற்ற முயல்கிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். நீளமான வரியை எடுத்துக்கொண்டு நடுவில் திணறுவார்கள்.

இவ்வளவு மெல்லிய குரல் ஆட்டப் பாட்டின் இரைச்சலுக்கு மேலே கேட்பதற்குக் காரணம் மைக். ஒரு திசையை மட்டும் பார்க்கும் மைக்கில் வாயை 10 சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால், 200 ஹெர்ட்ஸும் (நொடிக்கு 200 அதிர்வு) அதற்குக் கீழும் உள்ள ஒலிகள் தாமாகவே பெருகும். தாழ்ந்த குரலுக்குக் கனம் சேர்வது இப்படித்தான். அடுத்து கம்ப்ரஸர், உரத்த ஒலியை அடக்கும் கருவி. அதை 4:1 என்று வைத்தால், குறித்த எல்லைக்கு மேல் பாடகி 4 டெசிபல் கூட்டினாலும் வெளியே 1 டெசிபல்தான் கூடும். உரத்த இடங்கள் அடங்கியதும் மொத்தத்தையும் தூக்கிவிடலாம். மூச்சு இழுக்கும் சத்தம்கூட முன்னால் வந்து நிற்கும். அறையிலுள்ள ஏசியின் இரைச்சலும், உதடு பிரியும் ‘சப்’ சத்தமும் அதோடு சேர்ந்தே வரும். அதனால் இந்த வகைப் பாட்டைப் பதிவுசெய்ய அமைதியான அறை மிக அவசியம்.

குரலை அகலமாக்க அதே வரியை இன்னும் இரண்டு முறை பாடி, இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என்று வைப்பார்கள். கணினியில் நகலெடுத்து ஒட்டினால் சத்தம் 6 டெசிபல் கூடுமே தவிர அகலம் கிடைக்காது. இரண்டு முறை பாடியவற்றுக்கும் இடையே 10 முதல் 30 மில்லிநொடி வரையிலான சின்னச் சின்ன விலகல்கள்தான் அகலமாகக் கேட்கின்றன. விலகல் அதற்கு மேல் போனால் சொல்லின் கடைசி ‘ஸ்’, ‘ட்’ ஒலிகள் இரண்டு தடவை கேட்கும். இரண்டாவது தடவை பாடும்போது அந்த ஒலிகளை வேண்டுமென்றே விழுங்கிவிடுவது ஸ்டூடியோக்களில் வழக்கம்.

கொரிய மொழிக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. அதில் ‘ட’ போன்ற ஒலி மூன்று விதம். தளர்வாகச் சொன்னால் ‘டல்’, அது நிலா. காற்றைத் தள்ளிச் சொன்னால் முகமூடி. தொண்டையை இறுக்கிக் காற்றே விடாமல் சொன்னால் மகள். இன்றைய சியோல் இளைஞர்களின் பேச்சில் நிலாவையும் முகமூடியையும் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் அடுத்து வரும் உயிரொலியின் சுருதிதான். முகமூடிக்குச் சுருதி உயரும். பாட்டிலோ சுருதியை மெட்டு எடுத்துக்கொண்டுவிடுகிறது, காற்றின் அளவை வைத்துத்தான் வித்தியாசம் காட்டியாக வேண்டும். எல்லாச் சொல்லிலும் காற்றைக் கலந்து பாடும் குரலுக்கு இது கஷ்டம், இரண்டும் ஒன்றாகக் குழம்பும்.

இந்த நிலையில் கைகொடுப்பது மூன்றாவது, இறுக்கமான ஒலி. அதில் குரல்நாண்கள் முன்னதாகவே நெருங்கி நிற்பதால் உயிரொலி மேளத்தில் விழுந்த அடி போலத் தொடங்கும். 2020இல் சன்மி வெளியிட்ட பாட்டின் தலைப்புக்கு ‘ஊதா இரவு’ என்று பொருள். அதை அகராதி எழுத்தில் விடாமல் ஆங்கில எழுத்தில் ‘ப்பொராப்பிப்பம்’ என்று ஒலிக்கும்படி எழுதினார்கள். மூன்று இடத்திலும் இரட்டை ‘ப்ப’. நம் ‘அப்பம்’ என்ற சொல்லின் நடுவில் உதடு ஒரு கணம் பூட்டிக்கொள்கிறதே, ஏறக்குறைய அந்த உணர்வு. புகை போன்ற குரலுக்கு நடுவே இப்படிப்பட்ட கெட்டியான தொடக்கங்கள் விழும்போது தாளம் குரலிலேயே வந்துவிடுகிறது. சன்மியின் பாணியில் மிகவும் ரசிக்க வேண்டிய நுட்பம் இது என்பேன்.

இனி பேஸ் கிதார், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிதார். 2010இல் குழுவை விட்டு விலகிய சன்மி, 2013இல் தனிப்பாட்டு வெளியிட்டார். 2015இல் திரும்பி வந்தபோது வண்டர் கேர்ள்ஸ் வாத்தியம் வாசிக்கும் பேண்டாக மாறியிருந்தது. அவர் கைக்கு வந்தது பேஸ். அடுத்த ஆண்டு வந்த ‘ஒய் சோ லோன்லி’ பாட்டின் மெட்டில் அவர் பெயரும் இருந்தது. பேஸ் வாசிக்கிறவருக்கு, எந்தச் சுரத்தை எப்போது தட்டுவது என்பதோடு அதை எப்போது நிறுத்துவது என்பதும் வேலை. விட்ட இடம்தான் ஆட்டத்தின் அசைவைத் தருகிறது. அவருடைய பிற்காலப் பாட்டுகளில் குட்டையான வரி, அதன் பின் இடைவெளி, அந்த இடைவெளியில் பேஸின் பதில் என்று வருவதற்கு இந்தப் பயிற்சி காரணமாக இருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

பேஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் அதை ஒலிக்கவே முடியாது. ஆனாலும் நமக்கு மெட்டு கேட்கிறது. 82, 123, 164 என்று அதன் மடங்குகள் வரிசையாக வரும்போது, இல்லாத அடிச்சுரத்தை மூளை கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒலிக்கலவை செய்பவர்கள் பேஸை லேசாகச் சிதைத்து இன்னும் மேலே உள்ள மடங்குகளையும் கூட்டுவார்கள். கூட்டியது அளவு மீறினால் அவை 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை படர்ந்து, தாழ்ந்த பெண் குரல் உட்கார வேண்டிய இடத்தையே மூடிவிடும். அங்கே பேஸை 3 டெசிபல் குறைத்தாலே குரல் வெளியே வரும்.

‘சைரன்’ முதலில் வண்டர் கேர்ள்ஸுக்காக யோசிக்கப்பட்டு, பேண்ட் ஒலிக்குப் பொருந்தாமல் ஒதுக்கப்பட்ட பாட்டு. ஒலியியல்படி அது புரிகிறது. மீட்டும் எலெக்ட்ரிக் கிதார் குரலின் பரப்பு முழுவதிலும் பாய் விரித்துப் படுத்துவிடும். மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைஸரில் எந்த அதிர்வெண்ணை வைப்பது, எதை வெட்டுவது என்பது நம் கையில். 2017இல் வந்த ‘கஷினா’ இன்னும் ஒரு படி மேலே போனது. ‘போகிறாயா’ என்றும் வட்டார வழக்கில் ‘பெண்’ என்றும் இரட்டைப் பொருள் தரும் அந்தச் சொல்லைச் சொன்னதும் குரல் விலகிக்கொள்ள, உச்சப் பகுதியை வாத்தியம் பாடுகிறது. மெல்லிய குரலைக் கத்தவைக்காமலே பாட்டு உச்சிக்குப் போய்விடுகிறது.

மேடையில் பிரச்சினை புதிதாகத் தொடங்கும். ஆடும்போது தசைகள் காற்றைக் கேட்கும், காற்றை வீணாக்கும் இந்தக் குரலும் கேட்கும். குட்டை வரிகள் காப்பாற்றுவது இங்கேதான். கன்னத்தோடு ஒட்டிய மைக்குகளில் பல எல்லாத் திசையிலும் கேட்பவை. அவற்றில் அருகில் பாடினால் வரும் அந்தக் கனம் வராது, குரல் மெலிந்து ஒலிக்கும். ஒலிப்பொறியாளர் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 3, 4 டெசிபல் கூட்டி ஈடுகட்டுவார். அதற்கு மேல் போனால், மேடை ஸ்பீக்கரின் பேஸை அதே மைக் உறிஞ்சி ஊளையிடத் தொடங்கும்.