அந்தக் காசைக் கட்டாதீர்கள்: படம் வரையும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு

காசு வாங்கிக்கொண்டு கொடுத்த விருது இந்த மாதமும் ஒன்று என்னிடம் வந்தது. களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தாய், கூடவே ஏ.எல் எழுதிய மகள், கையில் தடித்த ஃபைல். "சேர், பிள்ளைக்கு சர்வதேச விருது கிடைச்சிருக்கு, இதை வெச்சு கம்பஸ் எடுக்கலாமா?" என்று கேட்டார். விருதைப் பார்த்தேன். தங்க நிறக் கரை, மூலையில் கழுகா கிளியா என்று தெரியாத ஒரு முத்திரை, பிள்ளையின் பெயரிலேயே ஒரு எழுத்துப் பிழை. ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் நடந்த கண்காட்சிக்கு அவளுடைய ஓவியம் தெரிவானதாம். ஓவியம் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை, போனில் எடுத்த படம்தான் போயிருக்கிறது. பங்குபற்றும் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், தபால் கட்டணம் என்று தவணை தவணையாகக் காசும் போயிருக்கிறது, கடைசித் தவணைக்குத் தாயின் காப்பு அடகுக் கடைக்குப் போயிருக்கிறது.

அந்தத் தாயோடு எனக்குக் கோபமில்லை. அடகு வைக்கத் துணிந்த மனம் பிள்ளையின் படிப்பில் உள்ள ஆசைதானே. கோபமெல்லாம் அந்த ஆசையைக் கறக்கிறவர்கள் மேல், கொஞ்சம் நம்முடைய சான்றிதழ்ப் பைத்தியத்தின் மேலும்தான். முன்பள்ளி விளையாட்டுப் போட்டியிலிருந்து தொடங்கி லமினேட் செய்து அடுக்கி வைக்கிறோம். பத்தாம் வகுப்பு வரும்போது பிள்ளையிடம் ஒரு ஃபைல் நிறையச் சான்றிதழ் இருக்கும், ஒரு ஸ்கெட்ச் கொப்பி இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓவியம் படிக்கப் பல்கலைக்கழகம் போவதென்றால் பார்க்கப்படுவது உயர்தரப் (ஏ.எல்) பெறுபேறு, அதிலிருந்து கணிக்கிற இசட் புள்ளி, அதோடு இந்தப் படிப்புக்குப் பிள்ளை பொருத்தமா என்று பார்க்கிற உளச்சார்புப் பரீட்சை. இந்த வழமையான தெரிவில் உங்கள் ஃபைலுக்கு இடமில்லை. மாவட்டச் சான்றிதழுக்கும் இல்லை, சர்வதேசச் சான்றிதழுக்கும் இல்லை, பேஸ்புக் குழு ஒன்று அனுப்பிய 'ஓவியச் செம்மல்' பட்டத்துக்கும் இல்லை. "ஆனாலும் சேர், ஒரு பெறுமதி இருக்கும்தானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. "வெளிநாட்டு விருதெண்டால்?" அதற்கும் இல்லை. "பிறகு வேலைக்கு உதவுமே?" ஆசிரியர் நியமனத்துக்குப் பட்டம் அல்லது கல்வியியற் கல்லூரி டிப்ளோமா கேட்பார்கள், கண்காட்சிக்கூடம் படைப்பைக் கேட்கும், படம் வாங்க வருகிறவர் படத்தைப் பார்ப்பார். ஒருவரும் ஃபைலைத் திறக்கச் சொல்ல மாட்டார். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த விருது என்று தெரிந்தால், அதை விண்ணப்பத்தில் எழுதுகிறவரைப் பற்றித்தான் தவறாக நினைப்பார்கள்.

இந்தத் துறையில் காசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். உங்கள் படம் நல்லதென்றால் அதைக் காட்டுகிறவர், வாங்குகிறவர், உங்களைத் தங்கவைத்து வரையச் சொல்கிறவர் செலவு செய்வார். கொழும்பில் உள்ள கூடங்கள் படம் விற்றால் விலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதுண்டு. அது கசக்கத்தான் செய்யும், ஆனால் விற்ற பிறகுதான் எடுக்கிறார்கள். விற்காத படத்துக்கு முன்கூட்டியே காசு கேட்கிறவர் படம் விற்க வந்தவரில்லை, அவருக்கு வாடிக்கையாளர் நீங்கள்தான். எங்காவது ஒரு திறந்த சந்தைக்கோ போட்டிக்கோ சின்னப் பதிவுக் கட்டணம் கேட்கலாம், அது வேறு. 'நீங்கள் தெரிவு செய்யப்பட்டுவிட்டீர்கள்' என்று முதலில் வாழ்த்திவிட்டு அப்புறம் கட்டணம் சொல்கிற கடிதத்தைத்தான் சொல்கிறேன்.

அன்று அந்தப் பிள்ளையின் படங்களையும் பார்த்தேன். எல்லாம் பென்சில், எல்லாம் நடிகர்களின் முகம், எல்லாம் போனில் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைந்தவை. கை நல்ல கை, பொறுமையும் இருக்கிறது. ஆனால் கண்மணியில் ஒரு வெள்ளை வளையம் வரைந்திருக்கிறாள். அது ஸ்டூடியோவில் நடிகருக்கு முன்னால் வைத்த வட்ட விளக்கின் பிரதிபலிப்பு. அது என்ன என்று கேட்டேன், தெரியவில்லை, "போட்டோவில இருந்தது சேர்" என்றாள். காது புகைபிடித்தாற்போல் கலங்கிக் கிடந்தது, ஏனென்றால் கேமராவே அதைக் கலக்கியிருந்தது. (எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் முதலில் காதையும் கையையும்தான் பார்ப்போம். அங்கேதான் பொய் பிடிபடும்.) போட்டோவைப் பார்த்து வரைவது பாவமில்லை. ஆனால் ஆயிரம் லைக் வாங்கிய பிள்ளை, ஒரு மண்பானை, ஒரு வாழைப்பொத்தி, கசங்கிய துணி ஒன்றை முன்னால் வைத்துவிட்டால் திகைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறது. பொருளை நேரில் பார்த்து வரையச் சொல்கிற இடத்தில் இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தானே முடிவெடுக்க வேண்டும், பானையின் வாய் ஏன் வட்டமாகத் தெரியாமல் நீள்வட்டமாகத் தெரிகிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை ஒரு கிழமையில் சொல்லிக்கொடுக்க முடியாது, பரீட்சைக்கு முதல் நாள் அழைத்து வருகிற பெற்றோர்களே, தயவுசெய்து.

அடுத்த கதை, "ஓவியம் கடவுள் கொடுத்த வரம், படிக்கத் தேவையில்லை, ஜோர்ஜ் கீற் எந்தக் கொலிஜில படிச்சார்?" என்பது. உண்மைதான், இலங்கையின் பெயர்பெற்ற ஓவியரான கீற் கலைக் கல்லூரிக்குப் போகவில்லை. ஆனால் 1939, 1940 இல் பொரளை கோதமி விகாரைச் சுவர்களை வரைந்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது, அதற்குள் அவர் வாசித்ததும் பார்த்ததும் வரைந்ததும் கொஞ்சமா? கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஆள் அவர். 1943 இல் அவரோடு சேர்ந்து '43 குழு' என்ற நவீன ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஹரி பீரிஸ் லண்டனிலும் பாரிஸிலும் படித்துவிட்டு வந்தவர், ஐவன் பீரிஸ் அந்த ஹரி பீரிஸிடம் கற்றவர். ஒருவரிடமிருந்து ஒருவர் என்று சங்கிலி போலத்தான் போகிறது. நம்முடைய பக்கமும் அப்படித்தான்: மட்டக்களப்பில் இருந்து வேலை செய்கிற ஓவியர் வாசுகி, யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்குவிடம் கற்றவர்.

கல்முனையிலும் மட்டக்களப்பு நகரத்திலும் முன்பு பெயர்ப்பலகை, கோயில் திரைச்சீலை, தேர்தல் பதாகை எழுதிய ஆட்கள் இருந்தார்கள். பையன் ஒருவன் போய்ச் சேர்ந்தால் முதலில் தூரிகை கழுவுவான், பிறகு பின்னணி அடிப்பான், பிறகு எழுத்துக்கு ஓரம் பிடிப்பான், வருடங்கள் கழித்துத்தான் முகம் வரைய விடுவார்கள். அதுவும் ஒரு கல்லூரிதான். இந்தியாவின் பெயர்பெற்ற ஓவியர் எம். எஃப். ஹுசைனே மும்பையில் சினிமாப் பதாகை வரைந்து வந்தவர். பிளெக்ஸ் அச்சு வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது, கூடவே அந்தப் பயிற்சியும் போய்விட்டது. அந்த இடத்தைத்தான் இப்போது ஒன்லைன் சான்றிதழ்காரர்கள் நிரப்பியிருக்கிறார்கள்.

இப்போது வழி என்ன என்று கேட்பீர்கள். பக்கத்திலேயே மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நுண்கலைப் பட்டம் உண்டு. கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே படிப்பு பெரும்பாலும் சிங்களத்தில். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாங்கி, உயர்தரத்தில் எந்தப் பாடம் இருந்திருக்க வேண்டும் என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், அதுவும் ஏ.எல் பாடம் தெரிவு செய்கிற நேரத்திலேயே. உளச்சார்புப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அறிவித்தல் பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் வரும், திகதி தவறினால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தாலும் அந்த வருடம் போச்சு. நல்ல கை உள்ள பிள்ளைகள் இப்படியே வெளியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் படிக்க விருப்பமென்றால் இந்திய உயர் ஸ்தானிகராலயம் வழியாக வருகிற புலமைப்பரிசில்களைத் தேடுங்கள். பரோடா, சாந்திநிகேதன் போன்ற இடங்களில் ஓவியம் படிப்பதென்றால் அது பெரிய வாசல்தான், அதற்கு எந்தத் தரகரும் தேவையில்லை.

பட்டம் முடித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. ஓவியர்களில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே இரவில் வரைகிறவர்கள். இன்னும் சிலர் பாசிக்குடா ஹோட்டல்களுக்குச் சுவரோவியம், புத்தகங்களுக்குப் படம், தொண்டு நிறுவனங்களின் சிறுவர் வேலை என்று ஓடுகிறார்கள். இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா போன்ற இடங்கள் போரில் அடிபட்ட பிள்ளைகளோடு வண்ணத்தையும் களிமண்ணையும் வைத்து வேலை செய்தவை, அந்தத் திறமைக்கும் ஒரு தேவை இருக்கிறது. தன் படத்தை மட்டும் விற்று வாழ்கிறவர்கள் குறைவு. இதை மறைத்துவிட்டுப் பிள்ளையை இந்தத் துறைக்குள் அனுப்புவதும் ஒரு ஏமாற்றுத்தான்.

காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் இப்படிச் செலவழியுங்கள். கொழும்புக்கு பஸ் டிக்கெட் எடுங்கள். பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேஷன் இருக்கிறது, ஹரி பீரிஸின் வீடு, 43 குழுவின் படங்களை அங்கே நேரில் பார்க்கலாம். 1993 இல் தொடங்கிய கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை வருடத் தொடக்கத்தில் நடக்கும், அங்கே என்ன விலைக்கு என்ன விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்று பிள்ளை கண்ணால் பார்க்கட்டும். போனில் பார்த்த ஜோர்ஜ் கீற் படமும் நேரில் பார்த்த கீற் படமும் ஒன்றல்ல, கோட்டின் மேல் தூரிகை எவ்வளவு வேகமாகப் போயிருக்கிறது என்று போனில் தெரியாது. மிச்சக் காசுக்கு நல்ல தாளும் மலிவான பென்சிலும் வாங்குங்கள், எதிர்மாறாக வாங்காதீர்கள். வரைந்த தாளை பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குள் வைக்காதீர்கள், நம்முடைய வாவிக் காற்றுக்கு ஒரு மாரி முடிவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

விருதுக் கடிதம் வந்தால் உடனே காசு அனுப்பாமல், அந்த மண்டபத்தின் பெயரையும் ஊரையும் தேடிப் பாருங்கள், போன வருடம் அங்கே காட்டிய யாராவது ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள், சித்திர ரீச்சரிடம் காட்டுங்கள், என்னிடம் காட்டினாலும் சரி. அடையாள அட்டைப் பிரதியையும் வங்கி அட்டை இலக்கத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா, அடுத்த தவணையைக் கட்ட வேண்டாம், 'முந்தினதும் வீணாகப் போய்விடுமே' என்று அவர்கள் பயமுறுத்துவார்கள், போனது போனதுதான்.

பிள்ளையின் படத்தை உண்மையாகவே யாராவது கண்காட்சிக்கு வாங்கிக்கொண்டு போனால், கொடுக்க முதல் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். படத்தின் பின்னால் பெயர், வருடம், அளவு எழுதுங்கள். விலை என்ன, அவர்கள் பங்கு எவ்வளவு, விற்காவிட்டால் எப்போது திருப்பித் தருவார்கள், வழியில் கிழிந்தால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் வேண்டும். கையால் எழுதினாலும் போதும், இரண்டு பேருடைய கையெழுத்தும் திகதியும் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.