கூரை ஒழுகினால் முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள்

டர்பனில் கூரை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் "தகடு போயிடுச்சு தம்பி, மாத்தணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் தகடு நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் செம்பழுப்பில் ஒரு வளையம், அதன் நடுவில் வெடித்துப்போன ரப்பர். ஊரின் தெற்கே ப்ளஃப், மெர்பேங்க், இசிப்பிங்கோ பக்கம் கேட்கவே வேண்டாம். கடல் உப்போடு ஆலைப் புகையும் சேர்ந்து படிகிற இடம் அது. தகட்டுக்கு ஆயிரக்கணக்கில் ராண்ட் கொடுத்தவர், ஸ்க்ரூவில் நூறு ராண்ட் மிச்சம் பிடித்திருப்பார்.

தகட்டுக்கான ஸ்க்ரூவில் மரை நுனியிலிருந்து தலை வரை ஓடும். கெட்டிப்படுத்திய எஃகு என்பதால் தகட்டில் தனக்கு வேண்டிய மரையைத் தானே போட்டுக்கொள்ளும். நாம் முதலில் துளை போட்டுவிட்டு முடுக்குகிற சாதாரண ரகம் ஏர்கண்டிஷன் டக்ட், மெஷின் மூடி போன்ற வேலைகளுக்கு. 8-ஆம் நம்பர் ஸ்க்ரூ என்றால் தடிமன் 4.2 மி.மீ.; 1 மி.மீ. தகட்டில் அதற்குச் சுமார் 3.2 மி.மீ. துளை சரியாக இருக்கும். துளை பெரிதானால் மரை பிடிக்காது, சிறிதானால் ஸ்க்ரூ தலை முறியும். கூர் நுனி மெல்லிய தகட்டுக்கு. உள்ளே வயர் ஓடுகிற பெட்டியாக இருந்தால் மொட்டை நுனி வாங்குங்கள். கூர் நுனி வயரின் உறையைக் கிழித்துவிடும்.

கூரையில் பயன்படுவது தானே துளைக்கிற ரகம், எல்லோரும் டெக் ஸ்க்ரூ என்கிறோமே, அது. நுனி டிரில் பிட் மாதிரி இருக்கும். அந்த நுனிக்கும் நம்பர் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 3-ஆம் நம்பர் நுனி ஏறக்குறைய 5 மி.மீ. இரும்பு வரை துளைக்கும், 5-ஆம் நம்பர் சுமார் 12 மி.மீ. வரை. துளைக்கும் பகுதி மொத்தக் கனத்தையும் தாண்டிய பிறகுதான் மரை இரும்பைத் தொட வேண்டும். நுனி இன்னும் துளைத்துக்கொண்டிருக்கும்போதே மரை பிடித்துவிட்டால், துளை முன்னேறுவதைவிட வேகமாக மரை இழுக்கும். அப்புறம் ஸ்க்ரூ முறியும், அல்லது மரை வழித்துக்கொண்டு வரும். நடுவில் இன்சுலேஷன் இருந்தால் அந்தக் கனத்தையும் கணக்கில் சேருங்கள்.

இங்கே பழைய வீடுகளில் பர்லின், அதாவது தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பைன் மரம். அதில் டெக் ஸ்க்ரூ அடிப்பது வீண், டிரில் நுனி மரத்தை அதிகமாகத் தோண்டிவிடும், பிடிப்பே இருக்காது. மரத்துக்கென்று நுனியில் பக்கவாட்டு வெட்டும் அகன்ற மரையும் உள்ள டைப் 17 என்ற ஸ்க்ரூ கிடைக்கிறது. உளுத்துப் போகாமலிருக்க மருந்து ஏற்றிய, பச்சை நிற மரமாக இருந்தால் அதிலுள்ள செம்பு, சாதாரண துத்தநாகப் பூச்சைச் சீக்கிரம் தின்றுவிடும். அங்கே கனமான பூச்சு கட்டாயம்.

பூச்சுதான் எனக்கு முக்கியம். மஞ்சளாகவோ வெள்ளியாகவோ பளபளக்கும் மலிவு ஸ்க்ரூவில் துத்தநாகம் சில மைக்ரான்தான். அது வீட்டுக்குள் இருக்க வேண்டியது. பூச்சு எவ்வளவு துருவைத் தாங்கும் என்பதற்குக் கிளாஸ் நம்பர் உண்டு; வெளியே கிளாஸ் 3, கடலோரம் என்றால் கிளாஸ் 4 என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். "அண்ணா, ஸ்டெயின்லெஸ் போட்டா தொல்லையே இல்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய அலுஸிங்க் இரும்புத் தகட்டில், அதுவும் கடல் பக்கத்தில், தொல்லை உண்டு. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டில் எளிதில் அரிபடும் உலோகம்தான் கரையும். ஸ்க்ரூ பளிச்சென்று இருக்க, சுற்றியுள்ள தகட்டின் பூச்சு கரையும். தகடு அலுமினியம் என்றால் ரப்பர் வாஷரோடு 316 ரக ஸ்டெயின்லெஸ் போடலாம்.

தலைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூரைக்கு அறுகோணத் தலை, ஒட்டிய தகடு மேடில்லாமல் தெரிய வேண்டிய இடத்தில் தட்டைத் தலை, மற்றதற்கெல்லாம் பான் தலை.

வாஷரில் இருக்கும் ரப்பர் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். அது லேசாக நசுங்கி உலோக விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். வெளியே பிதுங்கினால் அளவுக்கு மீறி முடுக்கிவிட்டீர்கள், வெயிலில் வெடிக்கும். இம்பாக்ட் டிரைவரைக் கூரைக்குக் கொண்டுவராதீர்கள். டிரில் மெஷினில் கிளட்ச் வைத்து, நேராகப் பிடித்து முடுக்குங்கள். சாய்ந்து போன ஸ்க்ரூவில் வாஷர் ஒரு பக்கம்தான் உட்காரும். கூரையில் ஸ்க்ரூ மேட்டில் போக வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. பெட்டி மாதிரி மேடுள்ள ஐபிஆர் தகடானாலும் அலைத் தகடானாலும் இதுவே.

காற்று தூக்குவது ஓரத்தையும் மூலையையும்தான், அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுங்கள். 2024 ஜூன் 3-ஆம் தேதி டர்பனுக்கு வடக்கே டோங்காட்டைச் சூறையாடிய சுழற்காற்றுக்கு எந்த ஸ்க்ரூவும் பதில் சொல்லாது, அது வேறு கதை. ஆனால் வருஷம் முழுக்க அடிக்கிற தென்மேற்குக் காற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காவடிக்கு முன்னால் கோயில் கொட்டகை போடும்போது ஆளாளுக்கு வீட்டு டப்பாவிலிருந்து மிச்ச ஸ்க்ரூ கொண்டு வருவார்கள். நல்ல மனசு, ஆனால் கூரைக்கு ஒரே ரகமாக வாங்குங்கள், மிச்சத்தை அலமாரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்க்ரூவை மாற்றும்போது ஓட்டை தளர்ந்திருந்தால் அதே அளவு பிடிக்காது. 12-ஆம் நம்பர் இருந்த இடத்தில் 14 போடுங்கள், பெரிய வாஷரோடு. மேலே சிலிகான் பூசிவிட்டு இறங்குபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அப்புறம், துளைத்தபோது விழுந்த இரும்புத் துகளை அன்று சாயங்காலமே மெல்லிய விளக்குமாற்றால் தள்ளிவிடுங்கள். ஒரு ராத்திரிப் பனி போதும், புதுத் தகடு முழுக்கத் துருப் புள்ளி.