ஏ5 வீதியும் ஃபிரிட்ஜ் காந்தமும்: மலைநாட்டில் நினைவுப்பொருள் செய்வோர் கவனத்துக்கு

எல்ல நகரின் கடைவரிசையில் மாட்டியிருக்கும் ஃபிரிட்ஜ் காந்தங்களைப் பார்த்தால் யானை இருக்கும், சிகிரியா இருக்கும், கண்டி நடனம் இருக்கும், கடலாமைகூட இருக்கும். ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்துவிட்டால் அதே தட்டை நீர்கொழும்பிலும் மிரிஸ்ஸவிலும் வைத்து விற்கலாம். நுவரெலியாவிலிருந்து வளைவு வளைவாக வந்திறங்கும் பயணி தொலைபேசி நிறையப் படம் பிடித்து வைத்திருப்பது வீதியை. அந்த வீதி மட்டும் கடையில் கிடைக்காது.

வீதியையே விற்கும் வித்தை உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் 66ஆம் இலக்க வீதி 1926இல் தொடங்கி 1985இல் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அதன் கேடய வடிவ இலக்கப் பலகை இன்றும் கோப்பையிலும் சட்டையிலும் விலைபோகிறது. ஸ்கொட்லாந்தின் வட கரையில் ஏற்கெனவே இருந்த வீதிகளை ஒரு வட்டமாகக் கோத்து, ‘நோர்த் கோஸ்ட் 500’ என்று பெயர் வைத்து, 2015இல் சந்தைப்படுத்தினார்கள். புதிதாக ஒரு முழ வீதிகூடப் போடவில்லை. நம் மலைநாட்டில் அப்படிப் பெயரும் வழிக்குறியும் பெற்றது பீக்கோ நடைபாதைதான்: 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். வாகன வீதிகளுக்கு இன்னும் யாரும் அதைச் செய்யவில்லை. சிறு கைவினைக்காரருக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் இரண்டு காரியம் சரியாக இருக்க வேண்டும். அட்டையில் உள்ள தகவல் வீதியோடு பொருந்த வேண்டும். பொருள் பயணப் பெட்டிக்குள் கெடாமல் ஊர் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலும் இரண்டிலும்தான் கோட்டை விடுகிறோம்.

தகவலை முதலில் பார்ப்போம். ஏ5 வீதி பேராதனையில் தொடங்கி கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை, நுவரெலியா, ஹக்கலை, வெலிமடை, பதுளை என்று போய் செங்கலடியில் முடிகிறது. கண்டியில் சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் வாகனம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடி 1,868 மீற்றரில் நுவரெலியாவைத் தொடும். இடையில் 225 மீற்றர் நீளமான றம்பொடைச் சுரங்கம், அதையொட்டி 109 மீற்றர் உயர றம்பொடை நீர்வீழ்ச்சி. இந்த ஏற்றத்தை ஒரு கோடாக வரைந்து, ஊர்ப்பெயரையும் உயரத்தையும் குறித்தாலே நல்ல அட்டை ஒன்று தயார். ஏ7 அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு வருகிறது. டெவோன் நீர்வீழ்ச்சியும் (97 மீற்றர்) சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் (80 மீற்றர்) அந்த வீதிக்குரியவை. இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றின் படத்துக்கு மற்றதன் பெயர் விழுவது அடிக்கடி நடக்கும். ஏ4இல் பெரகலையிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கினால் தியலும, 220 மீற்றர். எல்லவிலிருந்து வெல்லவாய போகும் ஏ23இல் வீதியோரமாகவே இராவணன் நீர்வீழ்ச்சி. ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் திறந்த ரயில் பாலம். எல்ல, தெமோதரை நிலையங்களுக்கு இடையில் இருக்கிறது. நீளம் சுமார் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். அதை நுவரெலியா என்று அச்சடித்தால் வாங்கியவர் வீட்டுக்குப் போய் வரைபடத்தைத் திறந்ததும் பிழை தெரிந்துவிடும்.

படத்தில் சொல்லும் பொய் இதைவிட நுட்பமானது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு சென் கிளயரில் பழைய வெள்ளம் இல்லை. பகல் வேளையில் அளவாகத் திறந்துவிடும் நீர்தான் விழுகிறது. நுரை பொங்கும் பழைய படத்தை விளம்பரத்தில் போட்டால், பார்வைமுனையில் வாகனத்தை நிறுத்தும் பயணி ஏமாந்துபோய் நிற்பார், பக்கத்துக் கடைக்கும் ஏறமாட்டார். பருவமும் அப்படித்தான். ஹட்டன், தலவாக்கலை, றம்பொடைப் பக்கம் தென்மேல் பருவமழையில், மே முதல் செப்டெம்பர் வரை, நீர் நிறையும். எல்ல, பதுளைப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் மழை. ஓகஸ்டில் இராவணன் நீர்வீழ்ச்சி மெலிந்து பாறை தெரியும். ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு படம் வைத்திருங்கள்; படத்தின் அடியில் மாதத்தைப் போடுங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கும் இடங்களில் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் எடுத்தால்தான் வீதியின் வளைவு துலங்கும். ட்ரோன் பறக்க விடுவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளைப் பார்த்து அனுமதியோடு செய்ய வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து அட்டை போடுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உரிமை மீறல். “எல்லாரும் போடுகிறார்களே” என்பது அங்கே எடுபடாது.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் தனிக்கதை. இடுப்பில் படங்கும் தலையில் சாக்குமாக மழையில் நிற்பவரை விட்டுவிட்டு, புதுச் சேலை கட்டி மூங்கில் கூடை மாட்டிச் சிரிக்க வைத்த படத்தைத்தான் விளம்பரம் கேட்கிறது. வேடம் போட வேண்டுமா என்பது அவரவர் ரசனை. சம்மதம் வாங்குவது ரசனைக்குரிய விடயமல்ல. எதில் அச்சிடப் போகிறீர்கள், எத்தனை பிரதி, எவ்வளவு பணம் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வீதியோரத்தில் நின்று தூரத்திலிருந்து பிடித்த முகத்தைப் பத்தாண்டுக்குக் காந்தத்தில் விற்பது அழகல்ல.

அச்சு வேலைக்கு வருவோம். தபாலட்டைக்கு 4 x 6 அங்குலம், 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) ஆர்ட் காட், படம் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல். படப் பக்கத்துக்கு மட் லெமினேஷன். எழுதும் பக்கத்தை வெறுமனே விட வேண்டும், இல்லாவிட்டால் பேனா மை ஒட்டாது. ஒரு பக்கம் மட்டும் பூச்சு இருப்பதால் நுவரெலியாவின் ஈரத்தில் அட்டை வளையும். பத்துப் பத்தாக உறையில் போட்டுத் தட்டையாகப் பாரம் வைத்து அடுக்கினால் பெரிதாகப் பாதிக்காது. திரையில் பளிச்சென்று தெரியும் தேயிலைப் பச்சை, ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) கோப்பாக அப்படியே கொடுத்தால் அச்சில் மங்கிச் சாம்பல் தட்டும். அச்சுக்கான நிறமுறையான சிஎம்வைகேக்கு மாற்றி, ஒரு மாதிரி அச்சு எடுத்து, வெயிலில் வைத்துப் பார்த்த பிறகே மொத்தமாக அடியுங்கள். தமிழ் எழுத்தில் இன்னொரு ஆபத்து: பழைய வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு இடம் மாறி விழும். கொத்மலை, தெமோதரை, நுவரெலியா என்ற மூன்று பெயரையும் அச்சகத்துக்குப் போகும் கோப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் பிழை அகப்பட்டுவிடும். சரியென்றால் எழுத்தை வடிவக் கோடுகளாக மாற்றிக் கொடுங்கள்.

காந்தத்துக்குப் பெரும்பாலும் 3 மில்லிமீற்றர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பலகையின் வெட்டு விளிம்பு ஈரத்தைக் குடித்து ஊதும். ஸ்டிக்கர் மூலையிலிருந்து கிளம்பும். விளிம்புக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் போதும், ஆனால் முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. 60 x 80 மில்லிமீற்றர் பலகையைத் தாங்க அரை மில்லிமீற்றர் காந்தத்தாள் போதாது. அந்தத் தாள் தன்னைத் தானே தாங்கும், ஒரு கடிதத்தைக்கூடப் பிடிக்காது. 18 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஃபெரைட் வில்லை இரண்டு ஒட்டுங்கள். எபொக்சிதான் பாவிக்க வேண்டும். துப்பாக்கியால் ஒட்டும் சூட்டுப் பசை, வெல்லவாய வெயிலில் நிற்கும் வானின் முன்கண்ணாடிக்குக் கீழே இளகிவிடும்.

தேயிலை. இதில்தான் அதிகம் கெடுகிறது, அதிகம் லாபமும் இதில்தான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது தூளில் ஈரப்பதன் சுமார் 3 சதவீதம். சாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பொதி செய்தால் மலைக் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். 7 சதவீதத்தைத் தாண்டினால் மணம் போய்ப் பூஞ்சைக்கும் வழி பிறக்கும். சிறு அளவாகத் திறந்து உடனே முடியுங்கள். கண்ணாடிபோன்ற பொலித்தீன் பை வேண்டாம். வெளிச்சமும் தேயிலைக்குப் பகை. அலுமினியத் தாள் சேர்ந்த பையில் 50 கிராம் அல்லது 100 கிராம். முத்திரை இடும் பட்டையில் தூள் ஒட்டியிருந்தால் அங்கே நூல் அளவு துளை விழும். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பையை நீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழ் வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் காற்றோடு மூடிய பை இங்கே வந்ததும் பலூனாக ஊதும். இங்கே மூடியது கொழும்பில் சப்பையாகும். சப்பையான பையைப் பார்த்துக் “கெட்டுவிட்டது” என்று வாடிக்கையாளர் நினைப்பார். மூடுமுன் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டால் சிக்கல் இல்லை. அதே காரணத்தால் நுவரெலியாவில் நீர் 94 பாகையை அண்டியே கொதிக்கிறது. தொழிற்சாலையில் குடித்த தேத்தண்ணியின் சுவை வீட்டில் சற்று வேறாக இருக்கும் என்பதால், பையின் பின்புறத்தில் அளவைத் தெளிவாகப் போடுங்கள்: 200 மில்லிலீற்றருக்கு 2 முதல் 2.5 கிராம், மூன்று முதல் ஐந்து நிமிடம். எந்தத் தேயிலை வலயம், எந்த மாதத்துக் கொழுந்து என்பதும் சேர்ந்தால் மதிப்பு ஏறும். ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர், டிம்புலவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தரமான பருவம். சிங்கச் சின்னத்தை மட்டும் தன்னிச்சையாகப் போடாதீர்கள். அது இலங்கைத் தேயிலைச் சபைக்குரியது. இலங்கையில் பொதிசெய்த, முழுக்க இலங்கைத் தேயிலைக்கு மட்டுமே, அதுவும் சபையின் அனுமதியோடு.

மூங்கில் கூடை, மரப் பொம்மை செய்வோர் பட்டையும் பூச்சித் துளையும் இல்லாத, நன்கு உலர்ந்த மரத்தையே எடுக்க வேண்டும். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து விமான நிலையங்களில் மரம், விதை, உலர்ந்த பூ எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு துளை கண்டால் பொருள் போய்விடும். தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியில் பறித்த எதையும் விற்கவே கூடாது. கித்துள் பாணியைப் பெரிய போத்தலில் கொடுத்தால் கைப்பையில் கொண்டுபோக முடியாது. 100 மில்லிலீற்றர் போத்தல் தனியாக வைத்திருங்கள்.

விலையில் ஒளிவு வேண்டாம். ஒரு காந்தத்துக்குக் கூலி, பொருள், பொதி சேர்த்து 160 ரூபா, சேதத்துக்கும் வாடகைக்கும் 30 ரூபா என்றால் அடக்கம் 190. 400 ரூபாவுக்கு விற்று, வாகனத்தைக் கொண்டுவரும் சாரதிக்கு கால் பங்கு கொடுத்தாலும் 110 ரூபா மிஞ்சும். சாரதி பாதி கேட்கிறார் என்பதற்காக 700 ரூபா என்று ஒட்டினால், அடுத்த நாள் கண்டியில் அதே அளவுக் காந்தத்தின் விலையைப் பயணி பார்ப்பார். விலைச்சீட்டை எல்லாருக்கும் ஒரே விலையாக ஒட்டுங்கள். வெள்ளைக்காரருக்கு ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் குடும்பத்துக்கு ஒன்று என்ற வழக்கம் ஒரே வானில் இருவரும் வந்தால் அசிங்கமாகிவிடும்.

கடை போடும் இடம். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. வீதி ஒதுக்கிடத்துக்குள் கட்டினால் எந்த நேரமும் அகற்றுவார்கள். அதற்கு அப்பாலுள்ள நிலம் பெரும்பாலும் தோட்டத்துக்குரியது. தோட்ட நிர்வாகத்தின் கடிதம், அதன் பிறகு பிரதேச சபையின் வியாபார அனுமதி. தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவருக்குக் கடை போட ஒரு துண்டு நிலத்தின் கடிதம் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பது தெரிந்ததே. அதனால்தான் பிள்ளைகள் பூங்கொத்தோடு றம்பொடை வளைவுகளில் குறுக்குப் பாதையால் ஓடி வாகனத்தை மறிக்கிறார்கள். அதை அழகான காட்சியாக விளம்பரப் படங்களில் காட்டுவதை நிறுத்தலாம்.

கொண்டை ஊசி வளைவிலோ அதன் வெளிப்பக்கத்திலோ கடை கூடாது. இறங்கும் வாகனம் சூடேறிய பிரேக்கோடு வரும். திடீரென நிறுத்த முடியாது. வளைவு முடிந்து சரிவு தணியும் நேர்ப்பகுதியில், போக்குவரத்துக்கு இடப்பக்கத்தில், ஒரு பஸ்ஸும் இரண்டு வானும் வீதிக்கு வெளியே நிற்க 25 மீற்றர் நீளம் இருக்க வேண்டும். பலகை கடைவாசலில் இருந்தால் சாரதி கண்டதும் கடந்துவிடுவார். 150 மீற்றருக்கு முன்னாலும் 50 மீற்றருக்கு முன்னாலும் வையுங்கள், அதற்கும் அனுமதி பெற்று.

வெட்டிய மண்மேட்டின் அடியில் கடை அமைப்பதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அந்த இடத்தைப் பற்றிக் கேளுங்கள். மேட்டில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவை மண் நகர்வதைக் காட்டும். நேரான பக்கமுள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே மழையின் கணக்குத் தெரியும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டி மழை தொடர்ந்தால் சரக்கைப் பெட்டியில் கட்டி ஆயத்தமாக இருங்கள். 100 என்றால் கடையைப் பூட்டுங்கள். 150, அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் அந்த மேட்டின் கீழ் யாரும் இருக்கக் கூடாது. அந்த நிறுவனத்திடமிருந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வரும் எச்சரிக்கையைப் பக்கத்துக் கடைக்கும், வழமையாக வரும் சாரதிகளுக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பார்வைமுனையில் நிற்கும் வாகனத்துக்குள் இருப்பவருக்கு மேலே உள்ள மண்மேடு தெரியாது.